குத்தாமல் விட்ட ஓட்டை

பேக்கிங் காகிதம் எண்ணெயில் நனைந்தால் கெட்டுப்போகும் என்று பலர் நினைக்கிறார்கள், மேடம். கெட்டுப்போவதில்லை. கொஞ்சம் உப்பி, முன்பைவிட நன்றாக இறுக்கிக்கொள்ளும். தண்ணீர்தான் அதற்கு ஆகாது.

கடையில் சேர்ந்த அன்று நான் சொன்னது இந்த ஒன்றுதான். பிராங்கிளின் மாமா சுத்தியலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் அம்மாவின் தம்பி அவர். "பேசுச்சுபா பொண்ணு" என்றார். "கெமிஸ்ட்ரி பட்ச்சது வீண் போவல. அப்டி ஓரமா குந்து." அன்றிலிருந்து அந்த ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ராயபுரத்திலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் கடை. நீங்கள் பார்த்திருக்கலாம், பலகைகூடக் கிடையாது. இரண்டு இரும்பு ஒன்றோடொன்று சேரும் இடத்தில் எண்ணெய் ஒழுகாமல் இருக்க நடுவில் ஒரு காகிதம் வைப்பார்கள். கேஸ்கெட் என்று கடைகளில் கேட்பார்கள். நாங்கள் பேக்கிங் என்போம். லாஞ்சு என்கிற விசைப்படகின் என்ஜின், ஐஸ் ஃபேக்டரி பம்பு, கிரேன், எதற்கு வேண்டுமானாலும் கையால் வெட்டித் தருவோம். காகிதத்தை இரும்பின் மேல் வைத்து, ஓரம் முழுவதும் சின்ன சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தால் இரும்பின் விளிம்பே காகிதத்தை வெட்டிவிடும். ஓட்டை போட பால்ரஸ் குண்டு, பேரிங்குக்குள் இருக்குமே அந்த இரும்புக் குண்டு. ஓட்டையின் மேல் குண்டை வைத்து ஒரு தட்டு தட்டினால் காகிதம் வட்டமாகக் கழன்று உள்ளே விழும். கஷ்டமான வேலை இல்லை. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. வெட்டியவரே தான் வெட்டியதைச் சரிபார்க்கக் கூடாது. வேறொருவர் அதை வாசல் பக்கம் தூக்கிப் பிடித்து, எல்லா ஓட்டையிலும் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்து, "வெளிச்சம் கீது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பேக்கிங் கடையை விட்டு இறங்கும். நடுக்கடலில் நின்றுபோன லாஞ்சை இறங்கித் தள்ள முடியாது என்று மாமா சொல்வார். இந்தப் பழக்கத்தை நான் ஒரு நாளும் மீறியதில்லை. எழில்மொழியின் வண்டிக்கு வெட்டியபோதும் மீறவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எழிலைப் பற்றிச் சொல்கிறேன். கல்லூரியில் ஆய்வுக்கூட மேசையில் எனக்குப் பக்கத்து இடம் அவளுக்கு. உப்பு ஆய்வில் விடை எனக்குத் தெரியும், சொல்லத்தான் வராது. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் என்னைக் கேள்வி கேட்டார். நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்த எழில் திரும்பி, "அவ சொல்ல வர்றது இன்னான்னா சார், பச்சைச் சுவாலை வந்தா பேரியம். கரெக்டா ரூத்து?" என்றாள். நான் தலையாட்டினேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் பேச வேண்டியதை எழில் பேசினாள். பஸ்ஸில் சில்லறை கேட்பது, ஹோட்டலில் சாம்பார் கேட்பது, என்னை முறைத்துப் பார்க்கிறவனைத் திட்டுவது எல்லாம் அவள்தான். "ஏய் ஊமைக்கோட்டான், உன்கூட சுத்தினா என் தொண்டதான் காயுது" என்பாள். பிறகு எனக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டே வருவாள்.

அவள் வீடு வியாசர்பாடி எம்.கே.பி. நகரில். அப்பா லோகநாதன் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் ஒப்பந்த வேலை செய்கிறார். அம்மா பட்டம்மாள் வீட்டிலேயே டிபன் போட்டு விற்கிறார். படிப்பு முடிந்ததும் நான் மாமா கடைக்கு வந்தேன். எழில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். சாயங்காலம் ஆனால் கடைக்கு வந்துவிடுவாள். மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததெல்லாம் சொல்வாள். நான் தட்டிக்கொண்டே கேட்பேன். எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. இதை உங்களுக்குப் புரியவைக்க முடியுமா என்று தெரியவில்லை. ஒருவருக்கு ஒரே ஒரு ஜன்னல் இருக்கிற வீடு போதும் என்றால், போதும்.

பிறகு ஓசூரில் வேலை கிடைத்தது அவளுக்கு. ஆலைகளுக்கு நேரில் போய்க் கழிவுநீர் மாதிரி எடுத்துவந்து ஆய்வுக்கூடத்தில் கொடுக்க வேண்டும். சொந்தமாக இரு சக்கர வாகனம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. சேருகிற அன்று வண்டியோடு வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவருக்கு வேலை.

"நீயும் வாடி" என்றாள். "உனக்கும் கேட்டுப் பாக்குறேன். ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருந்துக்கலாம். நான் ரசம் வைக்கிறேன், நீ கம்முனு துன்னு."

நான் காகிதத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். புது ஊர், புது ஆட்கள், நேர்முகத் தேர்வு. அங்கே எனக்காக எழில் பேச முடியாது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி வுடு" என்றாள். மறுபடி கேட்கவில்லை. அவள் இன்னொரு முறை கேட்டிருக்கலாம் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

வண்டி அவள் அப்பாவுடையது. தயாரித்த கம்பெனியே மூடிப்போன ஒரு பழைய நான்கு ஸ்ட்ரோக் வண்டி. குடியிருப்பு மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. அக்கம்பக்கத்தார் அதன் மேல் கால்மிதியைக் காயப்போடுவார்கள். உதைத்தால் கிளம்பும், ஆனால் என்ஜினின் எல்லா மூட்டிலும் எண்ணெய் கசியும். நின்ற இடத்தில் ஒரு குட்டை. பேக்கிங் அத்தனையும் செத்துப்போயிருந்தன. பழைய வண்டிப் பாகங்கள் விற்கிற புதுப்பேட்டையில் தேடினோம். அங்கே ஒருவர் வண்டியின் பெயரைக் கேட்டுவிட்டு, "மியூசியத்துல கேளும்மா" என்றார்.

எழில் என்னைப் பார்த்து இளித்தாள். "எதுக்குடி ஊரெல்லாம் பேஜாரு? நீதான் கீறியே."

இன்னொரு வண்டி வாங்க அவர்களுக்கு வழி இல்லை. இந்த வண்டி ஓடினால் அவள் போவாள். ஓடாவிட்டால் இருப்பாள். இரண்டில் எது என்பது என் சுத்தியலில் இருந்தது. நான் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு இல்லை அது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வந்தபோது அவள் கடை வாசலில் என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தாள். செல்போனில் ஏதோ ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அது வேறு மாடல் வண்டி. மாமா லாஞ்சுக்காரர்களுக்குப் பேக்கிங் கொடுக்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டுவதுதான் இதில் பெரிய வேலை. பிளேடை சாய்வாகப் பிடிக்க வேண்டும். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்த வழியாக எண்ணெய் வரும். நான் சுரண்ட, எழில் பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்தாள். என்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில் போகிற தாமிர பேக்கிங்கை மட்டும் திரும்பப் பயன்படுத்தலாம். சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் அது மறுபடி மிருதுவாகிவிடும். அடுப்பில் அது செக்கச்செவேல் என்று ஆனதைப் பார்த்து எழில், "மோதிரம் மாறி கீதுடி, போட்டுக்கிறியா?" என்றாள்.

கிளட்ச் மூடிக்கு, மேக்னெட் மூடிக்கு, எல்லாவற்றுக்கும் வெட்டினேன். நன்றாகவே வெட்டினேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், அவற்றில் ஒரு பிசிறு இருக்காது. கடைசியாக சிலிண்டருக்கு அடியில் போகிற பேக்கிங். பழையது துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி இல்லை. காகிதத்தைச் சிலிண்டரின் அடிப்பாகத்தில் வைத்து எண்ணெய்க் கையால் அழுத்தித் தேய்த்தேன். எல்லாம் அச்சாக விழுந்தது. நடுவில் பிஸ்டன் போகிற பெரிய வட்டம். மூலைகளில் போல்ட்டுகள். சங்கிலி போகிற நீள் சதுரம். வலது பக்க ஓரத்தில், நெற்றிப் பொட்டு அளவுக்கு ஒரு சின்ன வட்டம்.

அந்தச் சின்ன வட்டத்தின் வழியாகத்தான் கீழே இருந்து எண்ணெய் மேலே ஏறுகிறது, மேடம். மேலே ஹெட்டில் கேம் என்று ஒரு தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். எண்ணெய் போகாவிட்டால் அது காய்ந்து, சூடேறி, உரசி, கடைசியில் இறுகிக்கொள்ளும். ஓடுகிற வேகத்தில் என்ஜின் இறுகினால் பின்சக்கரமும் நின்றுவிடும்.

முன்கூட்டியே திட்டமிட்டதா என்று கேட்டீர்கள். இல்லை. பெரிய ஓட்டைகளெல்லாம் போட்டு முடித்து, அந்தச் சின்ன குண்டைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது எழிலின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள், கை முழுக்க எண்ணெய் என்பதால். ஓசூரில் அவளோடு சேரப்போகிற சாபிரா என்ற பெண். குரல் நன்றாக இருந்தது. ரூம் பார்த்தாகிவிட்டது, ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது என்றாள்.

"மலையா! எங்க ஊர்ல ஜன்னலைத் தொறந்தா கன்டெய்னர்தான்" என்றாள் எழில். "இரு இரு, இங்க என் தோஸ்து ஒருத்தி கீறா. ரூத்து, ஹலோ சொல்லுடி."

நான் குண்டை விரலில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

"பேச மாட்டாங்களா?" என்றது போன்.

"அது பொம்ம மாறி. கீ குட்த்தாத்தான் பேசும்" என்றாள் எழில். இரண்டு பேரும் சிரித்தார்கள். மோசமான சிரிப்பு இல்லை. எழில் என்னைப் பற்றி எப்போதும் அப்படித்தான் பேசுவாள். ஆனால் அதற்குமுன் அவள் அதை என்னிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

"அப்ப இத்தினி வருஷம் நீ ஒருத்தியேவா பேசிட்டிருந்த?" என்று சாபிரா கேட்டாள்.

"வேற இன்னா பண்றது? இனிமேட்டு நீ கீறியே, மாத்தி மாத்திப் பேசலாம்."

நான் குண்டைத் தகர டப்பாவுக்குள் திரும்பப் போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். ஒன்றைச் செய்யாமல் விட்டேன். உடைக்கவில்லை, அறுக்கவில்லை, எதையும் கலக்கவில்லை. நான் படித்தவள், கலக்க நினைத்திருந்தால் என்னென்னவோ கலந்திருக்கலாம்.

பேசி முடித்ததும் எழில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பழக்கப்படி பேக்கிங்கை அவளிடம் கொடுத்தேன். வாசல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். பெரிய வட்டத்தின் வழியாக என்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள். பிறகு ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தாள்.

"இந்தா, ஓரத்துல பொட்டு மாறி ஒண்ணு கீதே. இது இன்னா?"

"அது சும்மா அச்சு. இரும்புல ஒரு பள்ளம் கீது, அதுதான் பட்டிருக்கு" என்றேன்.

நான் சொன்னால் அவள் நம்புவாள். பேரியம் காலத்திலிருந்தே அப்படித்தான். "வெளிச்சம் கீது!" என்று மாமா மாதிரியே குரலைக் கனமாக்கிச் சொல்லிவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். ஆகவே சரிபார்த்தது அவள்தான். பார்க்கச் சொன்னேன், பார்த்தாள், கேட்டாள். இதில் நான் எதையும் மறைத்துவைக்கவில்லை, ஒரு பதிலைத் தவிர.

பேக்கிங்கின் இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி உட்காரவைத்தேன். அவள் பிஸ்டனின் வளையங்களை விரலால் அழுத்திப் பிடிக்க, நான் சிலிண்டரை மெதுவாக இறக்கினேன். எங்கள் விரல்கள் இடித்துக்கொண்டன. "நசுக்கிடாதடி, ஒரு மாசத்துல வேலைக்குப் போவணும்" என்றாள். தாமிர பேக்கிங், ஹெட். போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். ஒரு பக்கமாக முறுக்கினால் ஹெட் கோணிவிடும். மூடுவதற்கு முன் கேம் மேல் கையாலேயே எண்ணெய் பூசினேன். வழக்கத்தைவிட நிறையவே பூசினேன். அக்கறை இல்லாத ஒருத்தி அதைச் செய்திருக்க மாட்டாள்.

முதல் உதையில் வண்டி கிளம்பியது. எங்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதற்குள் திரும்பி வந்திருந்த மாமா காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். "சவுண்டு சோக்கா கீதே! யாரு, நம்ம வாய் பேசாத இன்ஜினியரா?" என்றார். எழில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தில் கரி ஒட்டியது.

"நைனாக்குக் காட்டிட்டு வந்துடறேன்" என்றாள். "காட்டுப்பள்ளி கேட்டாண்ட வண்டியோட போய் நின்னா ஆளு மெர்சலாயிடும். நீயும் வா, பின்னால குந்து."

கடையில் வேலை இருக்கிறது என்றேன். வேலை ஒன்றும் இல்லை.

என் கணக்கு இதுதான். எண்ணெய் ஏறாத கேம் அதிக தூரம் தாங்காது. காசிமேடு தாண்டுவதற்குள் சத்தம் வரும், நின்றுவிடும். தள்ளிக்கொண்டு கடைக்கே வருவாள். ஹெட் கெட்டுப்போயிருக்கும். அந்த ஹெட் எங்கேயும் கிடைக்காது. வேலைக்குச் சேரும் நாள் போய்விடும். மலை தெரியும் ரூமில் வேறு யாராவது இருப்பார்கள். எழில் ஒரு வாரம் அழுவாள், பிறகு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவாள். யாருக்கும் எந்தக் கேடும் இல்லை. நான் நிறைய எண்ணெய் பூசியதால் வண்டி நான் நினைத்ததைவிட அதிக தூரம் ஓடியது. கணக்கில் அது ஒரு பிழை.

திருவொற்றியூர் தேரடியில் நின்று போன் செய்தாள்.

"ரூத்து, மேல டிக்கு டிக்குன்னு ஒரு சவுண்டு வந்துகினு கீதுடி. மொதல்ல இல்ல. இப்ப ஜாஸ்தி ஆவுது."

கொஞ்சம் தள்ளிப் பிடித்து எனக்குக் கேட்க வைத்தாள். கேட்டது. ஹெட் காயத் தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"எதிர்க்கவே ஒரு மெக்கானிக் கட தொறந்து கீது. காட்டட்டுமா?"

இதைத்தான் நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, மேடம். போனில் பேசினோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அந்த மெக்கானிக் நல்லவராக இருந்தால் மேல் மூடியைத் திறந்து பார்ப்பார். எண்ணெய் ஏறவில்லை என்று உடனே கண்டுபிடித்துவிடுவார். ஹெட் இன்னும் முழுதாகக் கெட்டிருக்காது. சிலிண்டரைத் தூக்குவார், அந்தப் பொட்டைக் குத்துவார். சாயங்காலத்துக்குள் வண்டி சரியாகிவிடும். அவள் போய்விடுவாள். போவதோடு நான் செய்ததும் தெரிந்துவிடும். இவ்வளவையும் நான் யோசித்தேன். யோசிக்க எனக்கு நேரம் இருந்தது, அவள் "ஹலோ, கீறியா, பூட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புது பேக்கிங்டி. செட்டாவுற வரிக்கும் அப்டித்தான் சத்தம் வரும். யாரையும் தொட விடாத. நிறுத்தாம ஓட்டிகினே போ, கொஞ்சம் வேகமாவே போ, செட்டாயிடும்" என்றேன்.

நான் அவளிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் முறை. அவளுக்கும் ஆச்சரியம்தான். "யம்மா, பேச்சைப் பாரு! டிவியில போடலாம்" என்று சிரித்தாள். "சரிங்க மேடம், வேகமாவே போறேன்."

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் எந்நேரமும் கன்டெய்னர் லாரிகள் போகும் என்று எனக்குத் தெரியும். அங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான். எர்ணாவூர் தாண்டியதும் என்ஜின் இறுகியது. பின்சக்கரம் நின்றது. வண்டி சாய்ந்தது. பின்னால் வந்த டிரெய்லரை ஓட்டியவர் இசக்கிப்பாண்டி. முடிந்தவரை பிரேக் பிடித்திருக்கிறார். முழுதாக நிற்பதற்குள் முன்சக்கரம் அவள் வலது காலில் ஏறிவிட்டது. அவர் ஓடிப்போகவில்லை. அவரே தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

வண்டியைச் சோதித்தவர்கள் பிரேக் சரியாக இருந்தது என்று எழுதினார்கள். என்ஜினைத் திறக்கவில்லை. விழுந்த வண்டியில் எது முதலில் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. லாரி இடித்தது என்று வழக்கு ஆனது. எழிலும் அப்படித்தான் நம்புகிறாள். ஏதோ இடித்தது, விழுந்தேன் என்றுதான் அவளுக்கு நினைவு இருக்கிறது.

இசக்கிப்பாண்டி ஜாமீனில் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஒரு பை, அதில் ஹார்லிக்ஸ் பாட்டில். பட்டம்மாள் அத்தை, "என் கொயந்த கால எட்த்துட்டு இன்னாத்துக்குடா வந்த? கால வச்சிருக்கியா பையில?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். அவர் என்னைப் போல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டிலை நான்தான் வாங்கிக்கொண்டேன். தினமும் எழிலுக்கு அதைத்தான் கலந்து கொடுத்தேன். லைசென்ஸ் போய்விட்டதாம், இப்போது எங்கேயோ வாட்ச்மேன் வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் மேல் தப்பு இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியிலும், பிறகு எம்.கே.பி. நகர் வீட்டிலும் நான்தான் உடன் இருந்தேன். தலை வாருவது, துணி மாற்றுவது, கட்டைக் கழற்றிப் புண்ணைக் கழுவுவது எல்லாம் நான். சுத்தமாகச் செய்வேன், சுரண்டுகிற கைக்குப் பொறுமை உண்டு. முதலில் அவள் பேசவே இல்லை. அதனால் நான் பேசினேன். கடையில் நடந்தது, வழியில் பார்த்தது, எல்லாம் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அத்தை என் கன்னத்தை வழித்து, "பெத்தது ஒண்ணு, பெறாதது ஒண்ணு" என்பார். லோகநாதன் மாமா வேலை முடிந்து வந்தால் என்னைப் பார்த்துக் கும்பிடுவார். அவர் எனக்குக் கும்பிடு போடுவது சங்கடமாக இருந்தது. வேண்டாம் மாமா என்று சொல்லியிருக்கிறேன்.

தூக்கம் வந்ததா என்று கேட்டீர்கள். நன்றாகவே வந்தது.

ஒரு நாள் அவள் என்னிடம், "நான் அந்த மெக்கானிக்காண்ட காட்டியிருந்தா இன்னாடி ஆயிருக்கும்?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகியிருக்காது, லாரிதானே இடித்தது என்றேன். "அதுவும் சரிதான்" என்றாள். என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு செயற்கைக் கால் வந்தது. நடக்கப் பழகினாள். விழுவாள், தன்னையே திட்டிக்கொண்டு எழுவாள். பழைய எழில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள். குழந்தைகள் வேடிக்கை பார்த்தால் காலைக் கழற்றிக் காட்டி, "வாடகைக்கு வோணுமா?" என்பாள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அவள் நன்றாக நடக்க நடக்க நான் பேசுவது குறைந்துவிட்டது. அவள் முன்போலப் பேசத் தொடங்கிவிட்டாள். பேசுவதெல்லாம் வேறு விஷயங்களாக இருந்தன.

போன வாரம் சாபிரா வந்தாள். நேரில் பார்த்தால் சின்ன உருவம். கேக் வாங்கி வந்திருந்தாள். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று காலியாகி இருக்கிறது, மேலாளரிடம் பேசிவிட்டேன் என்றாள். வண்டி தேவையில்லை. ரூமும் தரைத்தளத்தில் மாற்றிக்கொண்டாளாம், எழில் படி ஏற வேண்டாம் என்று. வரும் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அழைத்துப் போகிறாள். அத்தை அழுதுகொண்டே இட்லிப் பொடி அரைத்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னாடி மூஞ்ச தூக்கி வச்சிகினு கீற?" என்று இன்றைக்கு எழில் என்னைக் கேட்டாள். "கால் போன அப்பாலயும் வேல குடுக்குறாங்க. சந்தோஷப்படு. நீதான் என்னைய நடக்க வச்ச."

சந்தோஷம் என்றேன். அப்புறம் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்தேன்.

ஆகவே நடந்தது இதுதான். எண்ணெய் ஓட்டையை நான் வேண்டுமென்றே குத்தவில்லை. அவள் கேட்டபோது பொய் சொன்னேன். தேரடியில் வண்டியை நிறுத்தியவளை, இனி நிறுத்தாமல் வேகமாக ஓட்டச் சொன்னேன். சக்கரம் நிற்கும் என்று தெரிந்தே சொன்னேன். அந்த வண்டி உங்கள் ஸ்டேஷன் பின்புறம்தான் கிடக்கிறது; வரும்போது பார்த்தேன். சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள். பேக்கிங் எண்ணெயில் ஊறி நன்றாகவே இருக்கும். வலது ஓரத்தில் அந்தப் பொட்டு மூடியபடியே இருக்கும். அதற்கு மேல் உங்களுக்குச் சாட்சி தேவைப்படாது என்றாலும், எழிலை விசாரிக்காமல் இருக்க முடியாது, இல்லையா? போனில் நான் சொன்னதை அவள்தான் வந்து சொல்ல வேண்டும். கோர்ட் கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டியிருக்கும். இந்த மாதிரி வழக்குகள் பல வருஷம் போகும் என்கிறார்கள்.

ஓசூரிலிருந்து அந்தக் காலை வைத்துக்கொண்டு அவள் எத்தனை முறை அலைவாள், மேடம்? புண்ணாகிவிடும். வழக்கு முடிகிற வரை ஊரிலேயே இருக்கச் சொல்லி நீங்கள்தான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நான் அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.